உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

எங்கள் குப்பத்தில் எது கெட்டுப்போனாலும் பழி உப்புக்காற்றின் மேல்தான் விழும். சைக்கிள் செயின் இறுகினால் உப்புக்காற்று. ரேடியோ கரகரத்தால் உப்புக்காற்று. புது மருமகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால்கூட, “காத்து ஒத்துக்கல” என்று என் மாமியார் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வருவார். அந்த மருமகள் நான்தான். ஒரு பக்கம் பழவேற்காடு ஏரி, மறுபக்கம் கடல், நடுவே ஒரு பட்டை மணலில் நாங்கள் குடியிருந்தோம். ஆணியிலிருந்து கூரைத் தகரம் வரை துரு ஏறுகிற ஊரில் உப்புக்காற்றைக் குற்றம் சொன்னால் யார் மறுத்துப் பேசப் போகிறார்கள்?

அதனால் என் வீட்டுக்காரர் தன் கிட்டார் மழுங்கிவிட்டது என்று சொன்னபோது, எங்களில் ஒருவரும் வேறு எதையும் யோசிக்கவில்லை. எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய சமயம் அது.

கிட்டார் என்றால் கரண்டில் வாசிக்கிற கிட்டார். பழவேற்காடு பஜாரில் மைக் செட் கடை வைத்திருந்த பாயின் சொந்தக்காரர் ஒருவர் அதைச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து, வாசிக்கத் தெரியாமல் பீரோ மேல் கிடத்தி வைத்திருந்தாராம். என் கல்யாணத்துக்கு முன்பே அது இவர் கைக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்டால் கடைசி வரை சிரிப்புதான் பதில். இவரும் இவருடைய பெரியப்பா மகனும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார்கள். பெரியப்பா மகன் பாடகர். காட்டூரிலிருந்து ஆரம்பாக்கம் வரை கல்யாணக் கச்சேரி, வருடத்துக்கு ஒரு முறை மாதா கோயில் திருவிழாக் கச்சேரி. வீட்டில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிற மனுஷன் மேடையில் ஏறினால் வேறு ஆள். நான் அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததே அந்த மேடையில் பார்த்துத்தான். கட்டிக்கொண்ட பிறகுதான் அந்த நாலு வார்த்தை விவகாரம் தெரிந்தது.

அவர் மீன்பிடிக் குடும்பம்தான். ஆனால் எங்கள் ஏரி இறால் கப்பல் ஏறத் தொடங்கிய காலத்தில் பக்கத்திலேயே ஒரு ஐஸ் கம்பெனி வந்தது. கல்யாணமான புதிதில் அதன் இன்ஜின் ரூமில் வேலைக்குச் சேர்ந்தார். நான் மீஞ்சூரில் ஒரு பட்டறையில் டிரான்ஸ்பார்மருக்குக் காயில் சுற்றினேன். படகில் ஏரியைத் தாண்டி, பஸ் பிடித்து பொன்னேரி, அங்கிருந்து ரயில். போக வர அரை நாள் போய்விடும். ஆனாலும் ஊரில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் மருமகள் நான் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. வாயும் கூடவே நீளம்.

“தெளிவே இல்ல மே. சேத்துக்குள்ள இருந்து பாடற மாரி கீது,” என்றார் ஒரு நாள், கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு.

பாயிடம் எடுத்துப் போனோம். அவர் ஆம்ப்ளிபயரில் செருகி இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். எனக்கென்னவோ நன்றாகத்தான் கேட்டது. ஆனால் வாசிக்கிறவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்று சும்மா இருந்துவிட்டேன்.

“பிக்கப்புக்குள்ள உப்பு பூந்துட்ருக்கும் தங்கச்சி. மெட்ராஸ் எடுத்துனு போனா எவனாச்சும் பாப்பான்,” என்றார் பாய்.

“இன்னாத்துக்கு மெட்ராஸ்? உள்ள இருக்கிறது காயில்தானே பாய்? நான் இன்னா மீஞ்சூர்ல மல்லிப்பூவா கட்றேன்?” என்றேன். இப்படி ஆரம்பித்ததுதான் எல்லாம்.

தந்திகளுக்குக் கீழே, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமாக, ஒரு தகர மூடி போட்ட பெட்டி இருக்கும். அதுதான் பிக்கப். தந்தி அதிர்வதைக் காந்தத்தாலும் காயிலாலும் பிடித்து கரண்டாக மாற்றி அனுப்புவது அதன் வேலை. சில கிட்டாரில் ஒரு காயில்தான் இருக்கும். அது தந்தியின் சத்தத்தோடு டியூப்லைட், வயர், மோட்டார் எல்லாவற்றின் இரைச்சலையும் சேர்த்து வாங்கி ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே இருக்கும். இந்த கிட்டாரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு காயில். ஒன்றுக்கு நேர்ச்சுற்று, மற்றதற்கு எதிர்ச்சுற்று. காந்தமும் அப்படியே தலைகீழ். வெளியிலிருந்து வருகிற இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகப் புகுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் சத்தம் மட்டும் இரண்டிலும் சேர்ந்து கனமாக வரும்.

பெட்டியைத் திறந்து இதை அவருக்கு விளக்கப் படாத பாடு பட்டேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “வலையோட மேக்கயிறு மாரி,” என்றார். எனக்குப் புரியவில்லை. வலையின் மேல்விளிம்பில் இரண்டு கயிறு சேர்த்துக் கட்டுவார்களாம். ஒன்று வலது முறுக்கு, ஒன்று இடது முறுக்கு. இரண்டும் ஒரே முறுக்காக இருந்தால் தண்ணீரில் நனைந்ததும் வலை சுருண்டுகொள்ளும். எதிரெதிராக இருந்தால் ஒன்றின் முறுக்கை மற்றது இழுத்துப் பிடித்து வலையை நேராக நிற்கவைக்கும். நான் ஆறு மாதம் பட்டறையில் திட்டு வாங்கிக் கற்றதை அந்த மனுஷன் ஒரு கயிற்றில் முடித்துவிட்டார். அன்றைக்கு அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

உள்ளே ஒரு காயிலின் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. பார்த்தீர்களா, உப்புக்காற்று! தேடிப் போன திருடன் வாசலிலேயே நின்ற சந்தோஷம் எனக்கு. பட்டறை முதலாளியிடம் கேட்டு, மீந்த கம்பிச் சுருளை வாங்கிக்கொண்டேன். தலைமுடியைவிட மெல்லிய கம்பி. மூச்சை அழுத்தி விட்டால் அறுந்துவிடும். மத்தியானச் சோற்று நேரத்தில் பட்டறை மெஷினிலேயே ஐயாயிரம் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றினேன். சுற்று குறைந்தால் சத்தம் கொஞ்சம் தணியும், ஆனால் தெளிவு கூடும். இரண்டு காயிலையும் அப்படியே புதிதாகச் சுற்றினேன். கம்பி அசைந்தால் ஆம்ப்ளிபயர் விசில் அடிக்கும் என்பதால், மாதா கோயிலில் மீந்த மெழுகுவத்தித் துண்டுகளைக் கேட்டு வாங்கி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணம் வைத்து உருக்கி, பிக்கப்பை அதில் முக்கினேன். காற்றுக் குமிழி வருவது நிற்கும் வரை அப்படியே வைத்திருந்தேன். வீடு பூராவும் பூசை வாசனை.

மாட்டி வாசித்தால், ஜலதோஷம் பிடித்த கிளி மாதிரி ஒரு சத்தம். முனகல் வேறு முன்னைவிட அதிகம். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவர்தான், “ரெண்டு கயிறும் ஒரே முறுக்கா போட்டுட்டியா மே?” என்று கேட்டார். அதேதான். ஒரு காயிலின் முனைகளைத் தலைகீழாகப் பற்றவைத்திருந்தேன். மறுபடி மெழுகைச் சுரண்டி, மாற்றிப் பற்றவைத்தேன். முனகல் நின்றது. தந்தி கணீரென்று பேசியது. நானே அசந்துபோனேன்.

அவர் இரண்டு பாட்டு வாசித்தார். “பரவால்ல. ஆனா இன்னும் தெளியல,” என்றார்.

அங்கிருந்து ஒரு வருடம் போனது. பிக்கப்பின் இரண்டு பக்கத் திருகையும் முடுக்கித் தந்திக்குப் பக்கத்தில் தூக்கினேன். தகர மூடியை எடுத்தே போட்டேன். காந்தத்தை மாற்றினேன். வால்யூம் கண்ட்ரோலை மாற்றினேன். கூர்மையான சத்தத்தை மழுக்குகிற கண்டென்சரைச் சின்னதாக மாற்றி, கடைசியில் கழற்றியே விட்டேன். ஒவ்வொரு தடவையும் சத்தம் கூர்மையாகிக்கொண்டே போனது. ஒவ்வொரு தடவையும் அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “இன்னும் தெளியல மே,” என்றார்.

குழுவில் மற்றவர்கள் நெளிய ஆரம்பித்தார்கள். “அண்ணி, பல்லு கூசுது,” என்றார் பாடகர். “என் பாட்டு எவனுக்கும் கேக்கல. ஊசி வெச்சி குத்தற மாரி கீது. ஆடத் தெரியாதவ மேட கோணல்னாளாம். ஒம் புருசனுக்கு வெரலு போச்சு, பழிய பிக்கப்பு மேல போடறாரு.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பாடகர் மேல் கொஞ்சம், புருஷன் மேல் நிறைய. வீட்டுக்கு வந்து அவரைப் பிடித்துக்கொண்டேன். பத்துத் தடவை பிரித்துப் பத்துத் தடவை மாட்டியாகிவிட்டது, ஊரே காது வலிக்கிறது என்கிறது, இவருக்கு மட்டும் தெளியவில்லையாம். நான் கத்தக் கத்த அவர் பீடியைப் பற்றவைத்தார். “செவிடன் காதுல சங்கூதன மாரி” என்று சொல்லி ஒரு சொம்பைத் தூக்கிப் போட்டேன். அந்தப் பழமொழி அப்போதெல்லாம் என் வாயில் தினம் இரண்டு தடவையாவது வரும். கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்று கேட்டால் வேறொன்று கொண்டுவருவது எல்லாம் ஆம்பிளைகளுக்குப் பொதுவான வியாதி என்றுதான் நினைத்திருந்தேன்.

திருவிழாவுக்குப் பதினைந்து நாள் இருந்தது. சத்தத்தைக் குறைக்கவில்லை என்றால் பொன்னேரியிலிருந்து வேறு கிட்டார்க்காரரைக் கூட்டி வருவதாகப் பாடகர் சொல்லிவிட்டார். இவர் மேடையை விட்டு இறங்க வேண்டிவரும். இவருக்கு மேடை போனால் மிச்சம் இருப்பது இன்ஜின் ரூமும் என் வாயும்தான்.

அப்போதுதான் அந்த அதிபுத்திசாலி யோசனை எனக்கு வந்தது. “பாடு போட்டுடலாம்,” என்றேன்.

எங்கள் ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் இறாலுக்கு வலை இறக்குவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். அதுதான் பாடு. பெரிய ஆள், சின்ன ஆள் என்ற பேச்சே அதில் கிடையாது. உன் சீட்டு எப்போது வருகிறதோ அப்போது நீ இறங்க வேண்டும். முறை வந்தும் இறங்காமல் நின்றவனை ஊர் மதிக்காது. ஆகவே பாடு என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் நழுவ முடியாது. அதைத் தெரிந்துதான் சொன்னேன். பிக்கப் தெளிவா இல்லையா என்று ஆளாளுக்கு முறை வைத்துக் கேட்டுச் சொல்லிவிட்டால் சண்டை தீர்ந்துவிடும் என்பது என் கணக்கு.

கண்டென்சரைத் திரும்ப வைத்து, அதற்கு ஒரு சின்ன சுவிட்சு போட்டேன். சுவிட்சு மேலே இருந்தால் சத்தத்தின் கூர்மை மட்டும் கொஞ்சம் மழுங்கும். கீழே இருந்தால் கூர்மை அப்படியே வரும். சத்தத்தின் அளவிலோ கனத்திலோ பெரிய மாற்றம் தெரியாது. வலை பின்னுகிற கொட்டகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் கூடினோம். குறுக்கே ஒரு படுதா கட்டினோம். படுதாவுக்குப் பின்னால் பாடகர் கிட்டாரில் தனக்குத் தெரிந்த ஒரே மெட்டை இரண்டு தரம் வாசிக்க வேண்டும். நடுவில் பாய் சுவிட்சைத் தட்டுவார். ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர் எந்தத் தரம் கூர்மை என்று சொல்ல வேண்டும். ஆளுக்கு மூன்று முறை. பெயர் எழுதின சீட்டைச் சட்டியில் போட்டுக் குலுக்கினோம்.

நண்டு விற்றுவிட்டு வந்த ஒரு அக்கா வேடிக்கை பார்க்க நின்றார். ஏரியில் கையாலேயே நண்டு பிடிக்கிறவர். கிட்டாரை அவர் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. அவர் பெயரையும் சிரித்துக்கொண்டே சட்டியில் போட்டோம். முதல் சீட்டே அவருக்கு வந்தது. “மொத தபா கிளிஞ்ச மேல நடக்கற மாரி. ரெண்டாந் தபா அதே கால சேத்துல வெச்ச மாரி,” என்றார். சரியான பதில். மூன்று முறையும் சரி. தபலாக்காரர், டோலக்குக்காரர், என் மாமியார்கூட, ஒருவர் தவறவில்லை.

கடைசிச் சீட்டு என் வீட்டுக்காரருடையது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஒண்ணாத்தான் கீது,” என்றார் முதல் முறை. இரண்டாவது முறையும் அதே பதில். மூன்றாவது முறை வாசித்து முடித்ததும் விருட்டென்று எழுந்தார். “இன்னா பாய், சுச்ச தட்டாமலே ஆட்டம் காட்றீங்களா?”

படுதாவை விலக்கிக்கொண்டு பாய் வெளியே வந்தார். அவர் இவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். எதற்கெடுத்தாலும் கிண்டல் பேசுகிற பாடகர் கிட்டாரை வலைக் குவியல் மேல் மெதுவாகப் படுக்கவைத்தார். யாரும் சிரிக்கவில்லை. இவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“ஒனக்கு கேக்கலியா நைனா?” என்று அந்த நண்டு அக்காதான் கேட்டார்.

என் வீட்டுக்காரர் வயரைச் சுற்றினார். கிட்டாரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். கடைசியில் நான்தான் ஜெயித்தேன். பிக்கப் நன்றாக இருக்கிறது என்று ஊர் முழுக்க ஒப்புக்கொண்டாகிவிட்டது. வெட்கத்தில் எனக்கு நிற்க முடியவில்லை.

பிறகு காது டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். வருடக்கணக்கில் இன்ஜின் இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்றதால் கூர்மையான சத்தங்களைக் கேட்கிற நரம்பு தேய்ந்துவிட்டது, போனது திரும்பாது என்றார். கனமான சத்தம் கேட்குமாம். அதனால்தான் முனகலுக்குக் காரணத்தை அவர் எனக்கு முன்னால் கண்டுபிடித்தார். அதனால்தான் நான் எவ்வளவு தெளிய வைத்தும் தெளியவில்லை.

அந்த ஞாயிறுக்குப் பிறகு ஒரு வாரம் அவர் கிட்டாரைத் தொடவில்லை. பாடகர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, “பொன்னேரி ஆளயே கூப்டுக்கோ,” என்று சொல்லிவிட்டார். நான் வாயே திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நாள் பேசாமல் இருந்தது கிடையாது. மாமியார் பயந்துபோய் மந்திரிக்க ஆள் தேடினார்.

அடுத்த ஞாயிறு பிற்பகல் அவரே கிட்டாரை இறக்கிக்கொண்டு வந்தார். என் முன்னால் ஸ்குரூடிரைவரை வைத்தார்.

“அந்த ரெண்டு சத்தத்துக்கும் இன்னா வித்தியாசம்? சொல்லு,” என்றார்.

சொல்லிப் பார்த்தேன். எண்ணெய் காய்ந்ததும் கடுகு வெடிப்பது, பாலித்தீன் கவரைக் கசக்குவது என்று என்னென்னவோ உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தான் கடைசியாக அதையெல்லாம் எப்போது கேட்டோம் என்று யோசிக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

“சரி. நீ கேட்டு வெய்யி. நான் வாசிக்கிறேன்,” என்றார்.

ஒரு வருடம் ஏற்றியதையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கினோம். பாயிடமிருந்து ஆம்ப்ளிபயர் வந்தது. அவர் தந்தியைத் தட்டுவார், என் முகத்தைப் பார்ப்பார். நான் லேசாக முகம் சுளித்தால்கூடப் போதும், பிக்கப்பின் திருகைக் கால் சுற்று தளர்த்துவார். மறுபடி தட்டுவார், மறுபடி என் முகத்தைப் பார்ப்பார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றைக்குத்தான். பழைய கண்டென்சரைப் பற்றவைத்து, சுவிட்சைக் கழற்றி எறிந்தேன். திருவிழாவில் அவர்தான் வாசித்தார். பொன்னேரி ஆள் வரவில்லை. நான் மேடைக்கு நேர் எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்து, தலையை ஆட்டியும் புருவத்தைச் சுளித்தும் கச்சேரி பண்ணினேன். அதற்குப் பிறகு பல வருடம், நான் இல்லாமல் அவர் ஒரு மேடையும் ஏறவில்லை. அதெல்லாம் சந்தோஷமான காலம்.

ஆனால் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது அந்தக் கச்சேரி இல்லை. திருகைத் தளர்த்திக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கொசு வந்துவிட்டது. நான் காதுப் பக்கம் கையை வீசினேன்.

“பாடுதா?” என்றார்.

“இன்னாது?”

“கொசு. ரெண்டு மூணு வருசமா கடிக்கிது, ஆனா பாடறதில்ல. ஏதோ புது ஜாதி வந்துச்சுனு நெனச்சினு இருந்தேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். கேட்கப் பயந்துகொண்டே கேட்டேன். “அப்போ நான் பேசறது?”

“கொரலு கேக்கும். வார்த்ததான் பாதி வராது. மிச்சத்த நானே போட்டு ரொப்பிக்குவேன்.”

“இன்னான்னு ரொப்புவே?”

அவர் தந்தியை முடுக்கிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

“நல்லதாத்தான்,” என்றார்.

அந்த மூன்று வருடமும் நான் அவரை என்னவெல்லாம் பேசினேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.